காலிக் குடமும் கொள்ளிடத்து நண்டும்

எங்கள் காலத்து ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் கோயிலுக்குப் போகலாம், சாவு வீட்டுக்குப் போகலாம், சண்டை போடக்கூடப் போகலாம். சும்மா நடக்க மட்டும் போகக் கூடாது.

எனக்கோ சும்மா நடப்பதுதான் மருந்து. கல்யாணமாகி வந்த புதிதில் காரணமே இல்லாமல் அழுகை வரும். ரசத்துக்குப் புளி கரைக்கும்போது வரும். கோலம் போடும்போது வரும். ராத்திரி தூக்கம் கிடையாது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். (கை அரித்ததுதான் மிச்சம்.) கடைசியில் திருச்சியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். "தினம் ஆத்தங்கரையில தனியா நடம்மா. மரத்தைப் பாரு, ஆகாசத்தைப் பாரு. மனசு தானா தெளியும்" என்றார் அவர்.

என் மாமியாருக்கு அது வைத்தியமாகவே படவில்லை. "காரியமில்லாம நடப்பாளோ ஒருத்தி? தெருவில என்ன சொல்லுவா?"

"குடத்தை எடுத்துண்டு போறேம்மா. தீர்த்தம் கொண்டுவரப் போறேன்னு நினைச்சுப்பா" என்றேன். (அந்த வயதில் எனக்கிருந்த மொத்த புத்தியும் இந்த ஒரு யோசனையிலேயே செலவாகிவிட்டது.)

அப்படியாக, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் கொள்ளிடக்கரைக்குப் போனேன். மெல்லத் தூக்கம் வந்தது, அழுகை குறைந்தது. யார் தடுத்தாலும் இந்த நடையை விடுவதில்லை என்று சபதமே செய்துகொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் ருக்குவைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடாயிற்று. சகுனம் விஷயத்தில் மாமியார் எதையும் பெருமாள் பொறுப்பில் விடுகிறவர் இல்லை. "ஜானகி, அவா வண்டி தெருமுனை திரும்பறச்சே நீ நிறைகுடத்தோட எதிர்ல வரணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. என் நடைக்கு மாமியாரே உத்தரவு கொடுத்தால் விடுவேனா? மத்தியானமே கிளம்பிவிட்டேன். கரையோரம் நடந்தேன். குடத்தை மணலில் சாய்த்துப் போட்டுவிட்டுப் புங்கமரத்து நிழலில் உட்கார்ந்தேன். நாணல் அசைந்தது, கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. தூரத்தில் கொள்ளிடப் பாலத்தின் மேல் ரயில் வந்தது. ஆஹா, என்ன அழகு என்று கையைக்கூட ஆட்டினேன்.

ஆட்டிய கை அப்படியே நின்றது. அது லால்குடி ரயில்!

குடத்தை வாரி இடுக்கிக்கொண்டு ஓடினேன். மடிசார் தடுக்க, மூச்சு வாங்க, தெருமுனைக்கு வந்தபோது சரியாக எதிரே வண்டி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட அந்த நொடியில்தான் இடுப்பு கனக்கவே இல்லை என்பது உறைத்தது.

"ஐயையோ! காலிக் குடம்!" என்று வண்டிக்குள்ளிருந்து அலறினார் பிள்ளையின் தாயார்.

என்னால் ருக்குவின் கல்யாணம் கெடுவதா? குடத்துக்குள் ஏதோ கடகடவென்று சத்தம் கேட்டது. கூழாங்கல்லாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் ஒரு நிறைவுதானே! "காலி இல்லை மாமி, பாருங்கோ!" என்று கவிழ்த்துக் காட்டினேன்.

நண்டு விழுந்தது. கொழுத்த நண்டு. ஆசாரமான அந்தத் தெருவில் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, நேரே மாட்டின் காலடிக்குப் போயிற்று. மாடு மிரண்டதா, மாமி மிரண்டாரா தெரியாது. வண்டி வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பியது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த என் மாமியார் அத்தனையையும் பார்த்தார்.

"நாளையிலேருந்து ஆத்தங்கரை கிடையாது!"

அந்த வீட்டில் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன். "போவேம்மா. போகலேன்னா மறுபடி அழ ஆரம்பிச்சுடுவேன்." என் கணவர் சிரிப்பை மறைக்க விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மறுநாள் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

"எங்கே, நண்டு பிடிக்கக் கிளம்பியாச்சா?" என்று மாமியார் குத்திக்காட்டுவார். அந்தக் கேலி வீடு முழுக்கத் தொற்றிக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் முகம் வாடினாலும், "போய் நண்டு பிடிச்சுண்டு வா" என்றுதான் சொல்கிறார்கள்.

ருக்குவுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணமாயிற்று. அவள் புக்ககம் போன பிறகு மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஜானகி, நண்டு பிடிக்கப் போகலாமா?"

நான் அவசரமாகக் குடத்தை எடுத்தேன்.

"அது எதுக்குடி? சும்மா நடப்போம்" என்றார்.