பிறர் கால்களால் நடப்பவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. ஊரார் கால்களால் மட்டுமே நடக்கும் இனம். அதில் தலைசிறந்த ஒருவரைப் பாருங்கள்: ஒரு மருத்துவமனையின் உடற்பயிற்சி ஆலோசகர்.

முழங்கால் வலி என்று போனாலும், தூக்கமில்லை என்று போனாலும், பக்கத்து அறைக்கு வழி கேட்டுப் போனாலும், நாற்காலியில் சாய்ந்தபடி அவர் சொல்வது ஒன்றுதான். "வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம் வேகமா நடக்கணும். ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுக்கணும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதான் சரியான வேகம்." பிறகு அதையே சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். அந்தக் கிழிப்பைத் தவிர அவர் தசைகளுக்கு வேறென்ன வேலை? வீட்டு வாசலில் கார், மருத்துவமனை வாசலில் லிஃப்ட். நடுவே பதினோரு தப்படி. அதையும் மனைவியிடம் நடைப்பயிற்சி என்றே சொல்வார்.

ஒரு நாள் நான்காம் மாடியில் அவருடைய உரை. தலைப்பு, 'அசையும் உடலே ஆரோக்கியம்'. முன்வரிசையில் தலைமை மருத்துவர். உரை நன்றாக அமைந்தால் துறைத் தலைவர் பதவி இவருக்குத்தான் என்று பேச்சு. அன்று பார்த்து லிஃப்ட் நின்றுவிட்டது.

முதல் மாடிவரை கம்பீரமாக ஏறினார். இரண்டாம் மாடியில் சுவரிலிருந்த தீயணைப்பு அறிவிப்பை வரி விடாமல் படித்தார். அடுத்த திருப்பத்தில் படிக்க எதுவும் இல்லாததால் உட்கார்ந்தேவிட்டார்.

கீழிருந்து தொலைபேசிப் பிரிவு அம்மாள் ஏறி வந்தார். மூன்று மாதம் முன்பு இவரிடம் சீட்டு வாங்கிப் போனவர்.

"என்ன சார், இங்க உக்காந்துட்டீங்க?"

சார் கையை மட்டும் அசைத்தார்.

"பேச முடியலையா? அப்ப வேகம் ஜாஸ்தி சார். நீங்கதானே சொன்னீங்க." பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். "நானும் மொத வாரம் இப்படித்தான் கெடந்தேன். மூச்சு வரட்டும், மெதுவா போலாம். படிக்கு ஒரு வார்த்தை பேசிக்கிட்டே வாங்க."

படிக்கு ஒரு வார்த்தை என்றால் பொய் சொல்லக் கட்டுப்படியாகுமா? "நான்... நடந்ததே... இல்லம்மா."

"தெரியும் சார். உங்க ஷூ அடியில இன்னும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கு."

இருபது நிமிடம் தாமதமாக மேடை ஏறியவர், "இன்னிக்கு இந்தம்மா பேசுவாங்க" என்று சொல்லி நாற்காலியில் சரிந்தார். அந்த அம்மாள் நடந்ததை நடந்தபடியே சொன்னார், படிக்கட்டு உட்பட. அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கலையும்போது, அம்மாளுடன் நடக்க வருவதாகப் பதினாறு பேர் பெயர் கொடுத்தார்கள். பதவி மட்டும் நேரத்துக்குப் படியேறி வந்த எக்ஸ்ரே பிரிவுக்காரருக்குப் போனது.

ஆலோசகருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பதினேழாவது பெயர் அவருடையது. தினமும் காலையில் எல்லோருக்கும் பின்னால், முகம் சிவக்க, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல ஓடி வருகிறார்.

சிரித்தீர்கள், சந்தோஷம். இதற்குள் உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்திருக்குமே, மைத்துனரோ மேலாளரோ, 'இதை அவருக்கு அனுப்பணும்' என்று? அப்படி நினைத்தவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். முதலில் சொன்னேனே, அந்த இனத்தின் தலைகளை எண்ண வேண்டியிருக்கிறது.