ஐம்பத்தேழு நாள் ஆப்சென்ட்

பள்ளியிலிருந்து போனுக்கு வந்திருந்த செய்தியைக் கைலாசம் மூன்றாம் முறையாகப் படித்தார். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாத பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குப் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் கிடையாது, பெற்றோர் பள்ளிக்கு வந்து விவரம் தெரிந்துகொள்ளவும். எல்லாப் பெற்றோருக்கும் போன செய்திதான். ஆனால் தனக்கென்றே பார்த்துப் போட்ட மாதிரி அவருக்குப் பட்டது.

ஊரில் பாதி ஆண்களைப் போல அவரும் சத்தீஸ்கரில் பத்து மாதம் போர்வெல் ரிக் வண்டியில் கிடந்து, ஆயிரத்து இருநூறு அடி வரைக்கும் போர் போட்டுவிட்டு, முந்தாநாள்தான் திருச்செங்கோட்டில் வந்து இறங்கியிருந்தார். பாறைக்குப் பயப்படாத மனிதர். பள்ளிக்கூடம் என்றால் மட்டும் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார். மனைவி வெண்ணிலா மில்லுக்குப் போயாயிற்று, மகள் தனப்பிரியாவும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. யாரைக் கேட்பது? சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கே போய்விட்டார்.

கைலாசம் மகள் பெயரைச் சொன்னதும், அலுவலகத்துக் கிளார்க் வருகை குறைந்தவர்கள் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார்.

"தனப்பிரியா, கே. இருக்குதுங்க. பத்தாவது பி. அம்பத்தேழு நாள் ஆப்சென்ட். இன்னிக்கும் வரல."

கைலாசத்துக்குத் தலை சுற்றியது. தினமும் போனில் 'பள்ளிக்கோடம் போனியா சாமி' என்று கேட்பார், 'போனேன்ப்பா' என்பாள். ஐம்பத்தேழு நாள்! வருசம் பூராவும் உழைக்கிற தனக்கே இத்தனை லீவு கிடைத்ததில்லையே. கோபம் வருவதற்கு முன்னால் அவருக்கு மலைப்புதான் வந்தது.

தலைமையாசிரியை இன்னாசிமேரி அவரை உட்காரச் சொன்னார். பிள்ளையின் அப்பா ரிக் வண்டிக்குப் போனவர்தானே என்று கேட்டார். கைலாசம் ஆமாங்க என்றார். மூன்று வருசமாக அந்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்ததாக அம்மையார் சொன்னார். கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். பள்ளி வாசலை மிதித்ததே இல்லை என்பது உண்மைதானே.

என்ன காரணம் என்று கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னார். காய்ச்சல். ஐம்பத்தேழு நாளா என்று அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். உடனே கைலாசம் காய்ச்சலை டைபாய்டாக்கினார். அதுவும் பத்தாது என்று தோன்ற, கூடவே மஞ்சள் காமாலையையும் சேர்த்தார். அம்மையார் பதறிப்போய், வகுப்பில் மற்ற நாற்பது பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனைச் சுழற்றினார்.

கைலாசத்துக்கு வியர்த்தது. நோய் நொடி ஒன்றுமில்லை, தான்தான் பிள்ளையைக் கூடவே ரிக்குக்குக் கூட்டிப் போய்விட்டேன் என்று மாற்றிச் சொன்னார்.

அம்மையார் அந்தப் போனை வைத்துவிட்டார். வைத்த கையோடு குழந்தைத் தொழிலாளர் புகார் எண் எது என்று கிளார்க்கைக் கேட்டார்.

இதற்கு மேல் பொய் சொன்னால் போலீஸ்தான் வரும் என்று கைலாசத்துக்குப் புரிந்தது. எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். வருசத்துல முப்பது நாளு ஊட்டுல இருந்தா அதிகமுங்க. எம்பட அட்டனன்ஸை எடுத்தீங்கன்னா பத்து சதவீதங்கூடத் தேறாது. பரீட்சை எழுதக்கூடாதுன்னா அது நாந்தானுங்க, புள்ள இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அம்மையார் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு விலக்குக் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகவும், ஆனால் இனி ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்றும் சொன்னார். தேர்வு முடிகிறவரை தினமும் நானே அழைத்து வந்து விடுவேன் என்று தந்தையின் உறுதிமொழி வேண்டும். பிள்ளையைத் திட்டக்கூடாது, இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது. மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

உறுதிமொழிப் படிவத்தில் 'தந்தை' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு மேலே கைலாசம் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் ரிக் முதலாளிக்குப் போன் போட்டு, ரெண்டு மாசத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முதலாளி கத்தியது ரோட்டில் போன பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. போனால் போகட்டும் என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் தனப்பிரியா வந்தாள். சீருடைக் கையில் மைக்கறை. அறிவியல் டெஸ்டில் இருபத்தஞ்சுக்கு இருபத்தி நாலு என்றாள். மத்தியானம் சத்துணவில் முட்டை சின்னது என்று குறைப்பட்டுக்கொண்டாள். பள்ளிக்கே போகாத பிள்ளை முட்டையின் அளவு வரை சொல்கிறதே என்று கைலாசம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பெற்ற மகள்மேல் இப்படி ஒரு பிரமிப்பு அவருக்கு வந்ததே இல்லை. திட்ட வாய் துறுதுறுத்தது. கொடுத்த வாக்கை நினைத்து அடக்கிக்கொண்டார்.

"நாளையிலருந்து நானே வண்டில கொண்டுபோயி உடறேன் சாமி" என்று மட்டும் சொன்னார். அவள் குதித்த குதியைப் பார்த்து, என்னமாய் நடிக்கிறாள் என்று இன்னும் அசந்துபோனார்.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் அவருடைய பைக் பள்ளி வாசலில் நின்றது. இன்னாசிமேரி அம்மையார் அங்கேயே காத்திருந்தார். முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பார் போல, பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், கைலாசம் பார்த்தே இராத பெண், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு நின்றது. தனப்பிரியா இறங்கி, அம்மையாருக்கு வணக்கம் வைத்துவிட்டு, தோழிகளோடு ஏ செக்சன் பக்கமாக ஓடிப்போனாள்.

அம்மையார் ஓடுகிற பிள்ளையைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார், பிறகு கைலாசத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பெண் வண்டிக்குக் கிட்டே வந்தது. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது.

"நான்தானுங்க பி செக்சன் தனப்பிரியா, அப்பான்னு கையெழுத்துப் போட்டு தெனமும் கூட்டியாரேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமா, நாளைக்கு எங்க ஊட்டுக்கு வர வழி தெரியுமுங்களா?"