ஒரே காருக்கு மூன்று சொந்தக்காரர்கள்

அல்சூர், பெங்களூர்,
10-2-1959

மகாராஜராஜஸ்ரீ ஷட்டகர் அண்ணா அவர்களுக்கு, சேஷகிரி அநேக நமஸ்காரம். இவ்விடம் நான் ஒருவன்தான், க்ஷேமம். அவ்விடம் தாங்களும் பாமா அக்காவும் சிரஞ்சீவி பிள்ளையாண்டானும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தங்கள் வாய்வுத் தொந்தரவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தணியாவிட்டால் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுக்கு முன் படிக்க வேண்டாம்.

விஷயம் வேறொன்றுமில்லை, எதிர்வீட்டு சுந்தரராமனின் பெண் ரமாவைப் பற்றியதுதான். பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு, "போய்க் கடுதாசி போடறோம்" என்று சொல்லிப் போனீர்கள். மூன்று வாரமாயிற்று, கடிதம் வரவில்லை. ஆனால் ஊரில் யாரிடமோ, "அல்சூர்ல ஒத்தைக் காரைக் காட்டி மூணு பேர் ஊரை ஏமாத்தறா" என்று சொன்னீர்களாம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன் ஆனதால் எழுதுகிறேன்.

பாமா அக்காவின் தங்கை, என் அனந்தலக்ஷ்மி, காலமான அன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் காரியத்துக்குத்தான் வந்தீர்கள். அன்று நல்ல மழை. அவளுக்கு மூச்சு இழுத்தது. ஜட்கா வண்டி ஒன்றும் அகப்படவில்லை. சுந்தரராமனும், கோடிவீட்டு டெஸ்மண்டும் அவளைச் சாய்வு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். என்னால் அவர்களை எட்டிப் பிடிக்க முடியவில்லை, குடையும் யாருக்கும் பிரயோஜனப்படவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பென்ஷன் பணத்தைப் போட்டு ஒரு பழைய ஆஸ்டின் வாங்கினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்வீர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதவில்லை. நானே அதைச் சொல்லிக்கொண்டுதான் வாங்கினேன்.

வாங்கிவிட்டேனே ஒழிய, எனக்குப் போக இடம் ஏது அண்ணா? சந்தில் இருக்கிறவர்களுக்குத்தான் பிரசவம், பள்ளிக்கூடம், ரயிலடி, கோயில் எல்லாம் இருந்தது. வாடகை என்று ஒரு தம்பிடி வாங்கினதில்லை. ஒருமுறை நான் டெஸ்மண்டின் மனைவி மௌரீனை ஏற்றிப் போகும்போது ஒரு கான்ஸ்டபிள் மறித்து, "ஏன்ரீ, பாடிகேனா?" என்று கன்னடத்தில் அதட்டி, பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுகிறேன் என்று இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்குச் சந்தில் எல்லோரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். யார் பெட்ரோல் போடுகிறாரோ, அன்றைக்கு வண்டி அவருடையது. எவன் கேட்டாலும் "என் கார்" என்று சொல்ல வேண்டியது. சொல்லிச் சொல்லிப் பழகிப் போய், போலீஸ் கேட்டாலும் சரி, மாமியார் கேட்டாலும் சரி, "என் கார்" என்றுதான் வரும். யாரும் திருத்த மாட்டோம். எங்கள் சந்தில் ஒருநாளாவது கார்க்காரனாக இல்லாதவன் கிடையாது.

அந்தப் புதன்கிழமை பெட்ரோல் போட்டது சுந்தரராமன். அவருக்கு ஓட்டத் தெரியாது. வாசலில் நிற்பதற்கு ஓட்டத் தெரிய வேண்டாமே! நாங்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் அவர் வீட்டு முன்னால் நிறுத்தினோம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாள் குறித்தவர் நீங்கள்தான், காலையிலேயே வருவதாகச் சொன்னவரும் நீங்கள்தான். பிறகு ராகு காலம் குறுக்கே வருகிறது என்று இறங்கின இடத்திலேயே சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தீர்கள். புதன்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் நவநாள் ஜெபம், அந்த வேளைக்கு மட்டும் வண்டி எப்போதும் டெஸ்மண்டுக்கு என்பது உங்கள் பஞ்சாங்கத்தில் இல்லை. சுந்தரராமன் உங்களிடம், "நம்ம கார்தான், ஆறு வருஷமா இருக்கு" என்று சொல்லி வாய் மூடவில்லை, டெஸ்மண்ட் கோட்டு சூட்டோடு வந்து, "எக்ஸ்கியூஸ் மீ, என் கார் வேணும். மௌரீன் ரெடியாயிட்டா" என்றான். அதைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று நான் எழுந்து, "கார் உண்மையில் என்னுடையது" என்றேன். அந்த ஒரே ஒரு உண்மைதான் உங்கள் காதில் பெரிய பொய்யாக விழுந்தது. "இந்த வண்டிக்கு மொத்தம் எத்தனை சொந்தக்காரா? இன்னும் யாராவது உள்ளே இருக்காளா?" என்று கேட்டீர்கள். சொஜ்ஜியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தீர்கள். சுந்தரராமன் கேட் வரைக்கும் கைகூப்பிக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து அவர் காரைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று கொல்லைப்புறச் சந்து வழியாக ஆபீஸ் போகிறார். என்னோடு பேச்சில்லை. கோபமில்லை அண்ணா, வெட்கம். டெஸ்மண்ட் தன்னால்தான் பெண்ணுக்கு வரன் தப்பியது என்று மருகுகிறான். போன புதன்கிழமை மௌரீன் கால்வலியோடு கோயிலுக்கு நடந்தே போனாள், என்னைக் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை. கார் இப்போதுதான் முழுக்க முழுக்க என்னுடையதாக ஆகியிருக்கிறது. அதில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் சுகமில்லை.

ஆகையால் தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். ரமா தங்கமான பெண். தாயில்லாத குறை தெரியாமல் வளர்ந்தவள். கார் பொய்யாக இருக்கலாம், அந்த மனுஷர் பொய்யில்லை. என் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். பழையதை மறந்து, சம்மதம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பாமா அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் சீக்கிரம் மேளம் கொட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
சேஷகிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் சமயம் ரமா ரசம் கொண்டுவந்தாள். கடிதத்தைக் கேட்டு வாங்கி நின்றபடியே படித்தாள். "மாமா, இதைப் போடாதீங்கோ. அப்பா கைகூப்பிண்டு நின்னப்போ அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்க்கவேயில்லை. ஷூவால டயரை உதைச்சுப் பார்த்துண்டிருந்தார். எனக்கு அவர் வேண்டாம்" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "அப்பா மறுபடி வாசல் வழியாப் போனாப் போறும், மாமா" என்றாள். ஆகவே மேலே நான் கெஞ்சியதெல்லாம் வாபஸ். சம்மதம் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு பொய்யைப் பொறுக்காத தாங்கள் எனக்காக ஒரே ஒரு பொய் எழுத வேண்டும். இன்னொரு ஜோசியரிடம் காட்டியதில் ஜாதகம் பொருந்தவில்லை, மற்றபடி தங்கள் சம்பந்தம் கிடைக்க நாங்கள் கொடுத்து வைக்கவில்லை என்று சுந்தரராமனுக்கு எழுதுங்கள். அவருக்கும் அது பொய் என்று தெரியும், இருந்தாலும் நாலு பேரிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. கவரில் வேண்டாம், கார்டில் எழுதுங்கள், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்கள் தபால்காரர் கிருஷ்ணப்பா எந்தக் கார்டையும் சந்து முனையிலிருந்து உரக்கப் படிக்காமல் கொடுக்க மாட்டார்.