பொழிச்சலூரில் எழுந்த பதினெட்டு மாடி

அட்டையால் உலகாள வந்த அண்ணலை, கத்தரிக்கோல் தாங்கிய கரத்தினனை, பசை காயாத பத்து விரலினனை, பொழிச்சலூர் பெற்ற புகழ்மணியாம் அச்சுதனை முதற்கண் வணங்குகிறோம். புடவைப் பெட்டியிலும் இனிப்புப் பெட்டியிலும் இருமல் மருந்துப் பெட்டியிலும் குடிகொண்டிருக்கும் அட்டைத் தெய்வமே, இக்கதையைக் கோணாமல் நிறுத்தி அருள்வாயாக! நாயகன் கட்டியவற்றை அப்படி நிறுத்தித் தரும்படி நாம் கேட்கவில்லை; தெய்வத்துக்கும் ஓர் அளவு உண்டு.

விமானங்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் ஊர் பொழிச்சலூர். சட்டியில் அப்பளம் பொரியும்போது கூரை அதிரும். அதிர்ந்தது அப்பளமா ஆகாயமா என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. விமானத்துக்கு அஞ்சி வீடுகள் குனிந்து வாழும் அந்த ஊரில், தினமும் பல்லாவரத்தில் மின்ரயில் ஏறித் தாம்பரத்துக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்வரும் ஒரு மனிதனின் நெஞ்சில், வானைக் குத்தும் பதினெட்டு மாடி மாளிகை ஒன்றை எழுப்பும் வேட்கை மூண்டது. நிலம் இல்லை, பணம் இல்லை, அனுமதி இல்லை. சாப்பாட்டு மேசை இருந்தது.

அம்மேசைமேல் எழுந்தது ஒரு மாநகரம்! கைவிரல் நீள ரயில் ஒன்று தாம்பரத்தில் புறப்பட்டு, ஊறுகாய் ஜாடி முன்பு ஆட்சி செய்த மூலையில் கடற்கரை நிலையத்தைத் தொட்டு, மூச்சு வாங்காமல் மீண்டும் தாம்பரத்துக்கே வந்தது. தண்டவாளத்தின் இருமருங்கும் வங்கிகள், வணிக வளாகங்கள், பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாளால் கண்ணாடி வேய்ந்த கணினி நிறுவனங்கள். நகரம் வளர வளர, குடும்பம் தட்டுகளோடு தரைக்கு நாடு கடத்தப்பட்டது. வரலாற்றில் பெருநகரங்கள் எல்லாம் யாரையாவது விரட்டிவிட்டுத்தானே எழுந்தன!

அவன் இல்லாள் புஷ்பலதா, பள்ளி ஆசிரியை. கணவனின் நகரை மாலைதோறும் தேநீர்க் கோப்பையுடன் மேற்பார்வையிடும் மாண்புடையாள். ஒருநாள் அவள் கேட்ட கேள்வி, நகரின் அடித்தளத்தையே அசைத்தது.

"ஏங்க, இவ்ளோ பில்டிங் கட்டியிருக்கீங்க, ஒரு பால்கனியிலகூடத் துணி காயலையே. இந்த ஊர்ல யாரும் குளிக்கவே மாட்டாங்களா?"

 மறுநாள் அண்ணல் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நூல் கட்டி, நகத்தளவு லுங்கி ஒன்றைத் தொங்கவிட்டான்.

ஆயினும் பொறுமைக்கும் கரை உண்டன்றோ? இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்த ஓர் இரவில், புஷ்பலதா பேரறிக்கை விடுத்தாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள உங்க பதினெட்டு மாடி நிக்கணும். ரயில் ஒரு ரவுண்டு அதைச் சுத்தி வரணும். நின்னா மேசை உங்களுக்கு. விழுந்தா எனக்கு. கலீல் பாய் வந்து பாத்துச் சொல்லட்டும்."

கலீல் என்பான் எதிர்வீட்டான். திருமுடிவாக்கத்தில் கிரில் கேட் செய்யும் பட்டறை உடையவன். இரும்பை வளைத்த கையன் ஆதலால் அட்டைக்கு நீதிபதியாகத் தகுதி பெற்றான்.

ஞாயிறு புலர்ந்தது. போர்க்கோலம் பூண்ட அச்சுதன், அதாவது கிழிந்த பனியன் பூண்ட அச்சுதன், மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சிக் கெட்டிப்பசை சமைத்தான். அதே வேளையில் புஷ்பலதாவும் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி முடித்திருந்தாள். மறுநாள் அவள் துணைத் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கும் நாள். அதற்கென எடுத்துவைத்த மாம்பழ மஞ்சள் கைத்தறிப் புடவைக்கு மொடமொடப்பு ஏற்றும் கஞ்சி அது. இரண்டும் வெள்ளை, இரண்டும் ஆறவேண்டியவை, இரண்டும் அவர்கள் திருமணத்துக்குச் சீராக வந்த இரட்டைக் குண்டான்களில் இருந்தன. அடுப்புக்கு இடப்பக்கம் அவளுக்கு, வலப்பக்கம் மற்றவர்க்கு என்பது அவ்வீட்டின் எழுதாச் சட்டம். ஆனால் ஜன்னல் காற்று இடப்பக்கம் வீசியது. பசை விரைந்து ஆறவேண்டுமே என்ற ஆவலால், அண்ணல் அவள் குண்டானை வலப்பக்கம் தள்ளிவிட்டுத் தன்னுடையதை இடப்பக்கம் அமர்த்தினான். பிறகு ஜன்னல்கள் வெட்டப் போய்விட்டான். எல்லை தாண்டிய இக்குற்றத்தைக் கண்டு விதி சிரித்தது. எறும்பு ஒன்றுதான் சாட்சி.

"ஷர்மிளா, எடது பக்கக் குண்டான்ல கஞ்சி இருக்கு. பக்கெட்ல கரைச்சுப் புடவைய முக்கி மாடியில காயப்போடுடி" என்று குளியலறையிலிருந்து ஆணை பிறந்தது. கல்லூரிச் செல்வியாம் மகள் ஷர்மிளா, காதில் பாட்டிசைக்கும் செவிக்கருவி, கண்ணில் கைப்பேசி, மிச்சமிருந்த அறிவில் இடப்பக்கம் என்ற ஒரே சொல், இவை துணையாக அப்பணியை முடித்தாள்.

சற்று நேரத்தில் நாயகன் வந்தான். மீந்திருந்த குண்டானைத் தனதென்று கொண்டான். பசை ஏன் இளகிக் கிடக்கிறது என்றொரு ஐயம் எழுந்தது. காவிய நாயகர்க்கு ஐயம் எழுவதுண்டு, தங்குவதில்லை. பதினெட்டு மாடிகளையும் ஜவ்வரிசிக் கஞ்சியால் ஒட்டினான்! இமயம் எழுந்ததுபோல் எழுந்தது கோபுரம், ஜன்னல்கள் மின்னின, மின்விசிறி நிறுத்தப்பட்டது, வீட்டார் மூச்சைக்கூட எட்ட நின்று விடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

மாலையில் கலீல் வந்தான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். மேசைமேல் இருந்ததால் அது இயன்றது.

"இன்னா சார், செம ஹைட்டா கீது! லிப்ட் வெச்சிக்கீறியா?"

"முதல்ல ரயில் போகட்டும் பாய்" என்று முழங்கி, அச்சுதன் பொத்தானை அழுத்தினான். ரயில் கிளம்பியது. வங்கியைக் கடந்தது, வளாகத்தைக் கடந்தது, லுங்கியின் கீழ் நுழைந்தது. வெற்றிக்கு ஒரு முழம் இருக்கையில், அந்தோ, வானில் எழுந்தது பேரிரைச்சல்! யாரோ முன்னூறு பேரைச் சுமந்துகொண்டு எங்கிருந்தோ வந்த விமானம் ஒன்று, இப்படியொரு வீட்டில் இப்படியொரு மனிதன் இருப்பதை அறியாமல், கூரைக்கு மேலே இறங்கியது. ஜன்னல் நடுங்கியது, கரண்டிகள் நடுங்கின, கோபுரம் நடுங்கியது. பிறகு, கதிர் முற்றிய நெற்பயிர் போல, மாப்பிள்ளை வீட்டாரைக் கண்ட பெண்ணின் தந்தை போல, மெல்ல மெல்ல இடுப்பில் மடிந்து, கலீலுக்கு வணக்கம் வைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே சாய்ந்தது. மின்ரயில் அதில் முட்டிக் கவிழ்ந்தது. தாம்பரம்–கடற்கரை மார்க்கத்தில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது.

அப்போது மொட்டைமாடிப் படியில் காலடி கேட்டது. புஷ்பலதா வந்தாள். அவள் கையில் இருந்ததைப் புடவை என்று சொல்வது வழக்கம். அன்று அது மஞ்சள் கதவாக இருந்தது. சுவரோரம் வைத்தாள். தானாக நின்றது.

கலீல் கோபுரத்தைப் பார்த்தான். புடவையைப் பார்த்தான். "சார், பில்டிங்கு படுத்துக்கிச்சு, பொடவ நிக்கிது."

யாரும் சிரிக்கவில்லை. ஷர்மிளா செவிக்கருவியைக் கழற்றினாள். அவ்வீட்டில் அது அரைக்கம்பத்தில் கொடி பறப்பதற்குச் சமம்.

"எடது பக்கம் யாரு வெச்சது?" என்றாள் புஷ்பலதா. குரல் உயரவில்லை, அதுதான் அச்சம் தந்தது. "நாளைக்கு மொத நாளுங்க எனக்கு. இந்தப் புடவையத்தான் கட்டிக்கணும்னு மூணு மாசமா எடுத்து வெச்சிருக்கேன்."

அச்சுதன் கவிழ்ந்த ரயிலைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை. மஞ்சள் கதவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனான். வெந்நீர் ஊற்றினான். ஊறவைத்தான், அலசினான், நூலிழைக்குள் புகுந்த மைதாவை நகம் படாமல் விரல்நுனியால் தேய்த்து வழித்தான். நகத்தளவு லுங்கிக்கு நூல் கோத்த விரல்கள் அவை. இந்தப் பொறுமைக்கு வேறெந்தப் பயனும் உண்டென்று அதுவரை எவரும் கண்டதில்லை. நீர் தெளியும்வரை அவன் எழவில்லை. அடுப்பில் புதுக் கஞ்சியும் அவனே வைத்தான். நன்றாக ஆறியபின், அவளைக் கேட்டுக்கொண்டு, இடப்பக்கம் வைத்தான்.

கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்த புஷ்பலதா, கூடத்துக்குத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே சூரியன் பம்மல் பக்கத்து மாடிகளின் மேல் இன்னும் ஒரு விரல் தங்கியிருந்தான். அவள் சமையலறைக்குள் சென்று, கைக்குக் கிடைத்த உருண்டை மரக்கட்டை ஒன்றை எடுத்துவந்து, மடிந்த கோபுரத்தை மெல்ல நிமிர்த்தி, அதன் வயிற்றுக்குள் முதுகெலும்பாகச் செருகினாள். ரயிலைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அது ஒரு சுற்று வந்தது.

"கலீல் பாய், இப்ப நிக்குதா இல்லையா?"

"சோக்கா நிக்கிதுக்கா. இனி பிளேனே வந்து மோதுனாலும் பிளேனுக்குத்தான் டேமேஜு."

"ஏங்க!" என்று, புடவையைக் கஞ்சியில் முக்கக் குளியலறைக்குத் திரும்பியிருந்தவனை நோக்கி அவள் முழங்கினாள். "மேசை உங்களுக்குத்தான். புடவைய முறுக்கிப் பிழியாதீங்க!"

பதினெட்டு மாடி வாழ்க! அதன் பால்கனி லுங்கி வாழ்க! எத்திசையும் புகழ் மணக்க, எண்டிசை யானைகளும் பிளிற, அண்ணலின் மாநகரம் அந்திச் செவ்வொளியில் தலைநிமிர்ந்து நின்றது.

சப்பாத்திக் கட்டை கட்டிடத்துக்குள் மாட்டிக்கொண்டதால், அன்று இரவு எல்லோரும் தரையில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார்கள்.