ஆம்பூர் வழி வேண்டாம்

"ஹைவேயப் புடிச்சா அரை மணி நேரத்துல மக வூட்டு வாசல்ல நிப்போம், நீங்க எதுக்கு..."

"ஹைவேல லாரிக்காரன் மேல ஏத்திடுவான், நான் சொல்றத..."

"இருபத்தினாலு பெட்டி ரயில இழுத்தினு போனவருக்கு லாரியப் பாத்தா பயமா? பொய்யாவது பொருந்தச் சொல்லுங்க."

"பயம் இல்லடி, காத்து. கிராமத்து வழின்னா நல்லா காத்து வரும்."

"காத்து வேணும்னுதான் ஏலகிரி போலாம்னேன். அதுக்கும் மாட்டேன்னீங்க."

"பதினாலு வளைவு வள்ளி. உனக்கு வாந்தி வரும்."

"நான் வாந்தி எடுத்து எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு புள்ள உண்டானப்பவும் எடுத்தியே."

"அப்ப நீங்க டூட்டில இருந்தீங்க. யாரு சொன்னது?"

 வாணியம்பாடி தாண்டி ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் பச்சையப்பன் வண்டியை வலது பக்கம் திருப்பினார். ஆம்பூர் ரோடு இடது கைப்பக்கம் நழுவிப் போவதை வள்ளியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முப்பத்தாறு வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர் பச்சையப்பன். ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கிப் பின்னால் கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் வைத்து வீடாக மாற்றி, "இனிமே ஊர் சுத்திப் பாக்கறதும் சொந்தக்காரங்களப் பாக்கறதும்தான் நமக்கு வேலை" என்று அவர் சொன்னபோது வள்ளியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷன் ஊரையெல்லாம் சுமந்துகொண்டு போனாரே தவிர, கட்டினவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கே கூட்டிப்போனார்?

அந்தச் சந்தோஷம் கிளம்புவதற்கு முதல் நாள் வரைதான் இருந்தது. நாலு மாசமாகத் தினமும் காலையில் ஜோலார்பேட்டையில் ரயிலேறி ஆம்பூர் போய், மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தார். கேட்டால், "தோஸ்த் மக்பூலைப் பாக்கப் போனேன்" என்பார். அந்த மக்பூல் அகமது ஒரு வருஷமாகப் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொன்னது மக்பூலின் சம்சாரமே.

வள்ளியம்மாள் சத்தம் போடவில்லை. நல்ல புடவைகளை எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றினாள். அங்கே ஒரு பெண் இருக்கிறாள் என்ற சந்தேகம் நிஜம் என்று தெரிந்தால் ஆம்பூரில் மகள் பூங்குழலி வீட்டில் பெட்டியோடு இறங்கிவிடுவது, அதற்கப்புறம் இவர் முகத்தில் விழிப்பதில்லை. முடிவு பண்ணிவிட்டாள்.

ஆலங்காயம் தாண்டியதும் தூரத்தில் புளியமரத்தடியில் இரண்டு காக்கிச் சட்டைகள் தெரிந்தன. பச்சையப்பன் சட்டென்று ஒரு கரும்புத் தோட்டத்து வழியில் வண்டியை விட்டு நிறுத்தினார்.

"இன்னா ஆச்சி?"

"இன்ஜின் சூடாயிடுச்சி."

"சூடானது இன்ஜினா, நீங்களா? வேர்த்துக் கொட்டுது."

அந்தப் பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ போலீஸில் இருக்கவேண்டும் என்று வள்ளியம்மாள் முடிச்சுப் போட்டாள். கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி அந்த மரத்தைத் தாண்டும்போது பார்த்தால், காக்கிச் சட்டைகள் ஷூ கம்பெனி வாட்ச்மேன்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். ஒருவன் கைகாட்டி, "ஐயா, பஸ் நிறுத்தம் வரைக்கும் ஏத்தினு போறீங்களா?" என்று கேட்டான். பச்சையப்பன் அவனுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

ஒடுகத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, அவருடைய போனை எடுத்து அரிசி டப்பாவில் புதைத்தாள் வள்ளியம்மாள். போன் இல்லாவிட்டால் பேச்சு எங்கே வளரும்? அது வளர்ந்தது. டப்பாவுக்குள்ளிருந்து மணி அடித்தது.

"அரிசி எப்படிடி ரிங்காவுது?"

வேறு வழியில்லாமல் அவளே கையை விட்டு எடுத்தாள். திரையில் 'ஷஹீன் பானு' என்று பேர் வந்தது.

"யாரு இது?"

"அது... நம்ம மக்பூலோட மருமக."

"மக்பூலுக்கு மூணும் பொண்ணு. மருமக எங்கிருந்து வந்தா?"

"வந்து சொல்றேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் போய்விட்டார் பச்சையப்பன். வள்ளியம்மாள் டீ கிளாஸோடு பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றாள்.

"இல்லம்மா, வூட்ல தெரியாது... தெரிஞ்சா என் மானமே போய்டும்... நீ பக்கத்துல ஒக்காந்தா தைரியமா இருக்குது, நீ இல்லன்னா கையெல்லாம் நடுங்குது... திங்கக்கெழம கண்டிப்பா வந்துடறேன்."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இந்த மனுஷன் அவளிடம் நாற்பது வருஷத்தில் ஒருநாள்கூட, நீ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. உப்பு கம்மி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கணியம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே பச்சையப்பனின் தங்கை முனியம்மா வீடு. சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வாசப்படி ஏறினாள் வள்ளியம்மாள். அடுப்படிக்குப் போவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எங்க அண்ணனா? அண்ணி, அது ரயிலத் தவிர எதையும் நிமிந்து பாக்காதே."

"நானும் அப்படித்தான் இருந்தேன் முனிம்மா."

"யாராண்டயும் மூச்சு வுடாதீங்க. நானும் வுட மாட்டேன்."

மறுநாள் காலைக்குள் கலவையிலிருந்து சித்தப்பா, ஆற்காட்டிலிருந்து ஓரகத்தி, ஆம்பூரிலிருந்து பூங்குழலி என்று எல்லாரும் போன் பண்ணி, வள்ளியம்மாளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

"இன்னா முனிம்மா இது?"

"மூச்சு வுடல அண்ணி. அவங்களா கேட்டாங்க, நான் ஆமான்னேன்."

தப்பை நேர் பண்ண முனியம்மாவே ஒரு யோசனை சொன்னாள். அண்ணன் போனில் நம்பரைப் பார்த்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைக்குள் போய், அவள் போனிலிருந்து இருவரும் ஷஹீன் பானுவைக் கூப்பிட்டார்கள்.

"பச்சையப்பன் வூட்ல இருந்து பேசறேன்."

"ஆன்ட்டியா? அல்லாவே, ஒங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரே." குரல் சின்ன வயசாக, நன்றாகவே இருந்தது. அதுவும் வள்ளியம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"எது எனக்குத் தெரியாது?"

"அத அங்கிளே சொல்லட்டும் ஆன்ட்டி. நான் வாக்கு குடுத்துட்டேன். பாவம், ரொம்ப வெக்கப்படறாரு."

"நேர்ல வரேன். வூடு எங்க?"

"வாங்க வாங்க. ரயில்வே கேட்டாண்ட பச்சைக் கதவு வூடு. சாப்புட்டுதான் போகணும்."

வள்ளியம்மாள் போனை வைத்தாள். "சாப்பாடு போடறாளாம்" என்றாள். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பச்சையப்பனுக்கு உத்தரவு போனது. "இப்ப நேரா ஆம்பூரு. முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் பஸ்ல போறேன். ஆனா போனா போனதுதான். நீங்களும் ஒங்க வண்டியும் ஊர் சுத்துங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

வண்டி கொட்டகையைப் பார்த்து மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் எடுத்தால்தான் ரோட்டுக்கு வரும். பச்சையப்பன் நாலு ஆளைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார்.

"இன்ஜின் நல்லாத்தானே கீது, எதுக்கு தள்ளணும்?" என்றான் ஒருவன்.

"காலைல எழுந்ததும் அதுக்கு அலுப்பு குடுக்கக் கூடாதுப்பா."

"பாத்தீங்களா அண்ணி, எப்டியெல்லாம் நேரத்தக் கடத்துது" என்று முணுமுணுத்தபடி முனியம்மாவும் ஏறிக்கொண்டாள்.

ஹைவேயில் வண்டி ஊர்ந்தது. மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, "ரிப்பேரா?" என்று விசாரித்தார்.

"அந்தக் காலத்துல ரயிலு லேட்டானதெல்லாம் இதனாலதான் போல" என்றாள் முனியம்மா பின்னாலிருந்து.

"முனிம்மா, பேசாத. எனக்குக் கை நடுங்குது."

"நேத்து போன்ல சொன்னது எனக்கும் கேட்டுச்சி" என்றாள் வள்ளியம்மாள். "பக்கத்துல ஒக்கார வேண்டியவ ஒக்காரல இல்ல, நடுங்கத்தான் செய்யும்."

 மாதனூர் தாண்டி, தோல் லாரிகளின் வாடை வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "வள்ளி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். வயசான காலத்துல சிரிப்பாங்கன்னு பயந்து மறச்சிட்டேன்."

 இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுவார், தான் நம்பாத மாதிரி நடிக்கலாம் என்று உள்ளுக்குள் இத்தனை நேரமும் காத்திருந்தது அப்போதுதான் வள்ளியம்மாளுக்கே தெரிந்தது.

"போதும். மீதிய அவ முன்னாடி சொல்லுங்க."

பச்சைக் கதவுக்கு முன்னால் பூங்குழலி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நின்றிருந்தாள். "அப்பா, ஒங்கள எவ்ளோ பெருசா நெனச்சினு இருந்தேன்" என்றாள். பச்சையப்பன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்பவர் மாதிரி குனிந்திருந்தார். வள்ளியம்மாள் பெட்டியை எடுத்து மகளுடைய காலடியில் வைத்தாள்.

கதவு திறந்தது. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டபடி முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். மூணு பேரும் தன்னை முறைப்பதைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அவள் கண் வண்டிப் பக்கம் போனது. விறுவிறுவென்று போய் முன் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் போய்த் திரைச்சீலையை விலக்கி, வேறு யாரையோ தேடினாள். யாரும் இல்லை. திரும்பி வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"அங்கிள், நாலு மாசமா பக்கத்துல ஒக்காந்து கத்துக் குடுத்தும் மூணு டெஸ்ட்லயும் பெயிலாகி இன்னும் லைசென்ஸே வரல, இவங்களயெல்லாம் ஏத்தினு இந்த வண்டிய இங்க வரைக்கும் யாரு ஓட்டினு வந்தது?"