பூதிகோட்டைக்கு ஒரு சைடுகார்

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீப்ஸ்,
8 பிப்ரவரி 1969, சனிக்கிழமை

அன்பிற்குரிய தம்பி ஆர்தருக்கு அக்காள் மரியபுஷ்பம் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போன கடிதத்தில் நீ அதை 'முளங்கால்' என்று எழுதியிருந்தாய். பெங்களூரில் பெரிய உத்தியோகம் பார்ப்பவன் ழகரத்தை இப்படி நடத்தலாமா?

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. "இந்த ஊர் பூரா மேடு, பள்ளம், தண்டவாளம். கோயிலுக்குக்கூட உன்னால நடக்க முடியலை. பேசாம வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடு. இல்லேன்னா யார் உதவியும் இல்லாம பூதிகோட்டைக்குப் போயி ஐடாவைப் பார்த்துட்டு அன்னைக்கே திரும்பி வந்து காட்டு, அப்புறம் நான் வாயைத் திறக்கலை" என்றாய். சாமான் ஏற்ற பதினைந்தாம் தேதி லாரி வரும் என்று இப்போது எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருடம் குடியிருந்த வீடு, ஆர்தர். உன் அத்தானும் இந்த மண்ணில்தான் படுத்திருக்கிறார். ஆகவே நிதானமாகப் படி. நான் பூதிகோட்டைக்குப் போனேன். நம் தங்கை ஐடாவைப் பார்த்தேன். அன்றே திரும்பினேன்.

என் கையில் இருந்தது எண்ணூற்றைம்பது ரூபாய். அதற்குள் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றி ஏறுகிற, ஓடை மணலில் இறங்குகிற, என் முழங்காலை மடக்கச் சொல்லாத ஒரு வண்டி வேண்டும் என்று மாரிகுப்பத்தில் பழைய வண்டி விற்கும் சம்பங்கியிடம் போய்க் கேட்டேன். அவன் முதலில் பட்டாளத்து ஜீப் ஒன்றைக் காட்டினான். "மலையே ஏறும்மா இது" என்றான். "இறங்கும்போது?" என்றேன். "பிரேக்கு மட்டும் தனியா வாங்கிப் போட்டுக்கணும்மா" என்றான். விலை இரண்டாயிரத்து எண்ணூறு. அடுத்தது ஒற்றை மாட்டு வண்டி. விலை படிந்தது, ஆனால் அந்த மாட்டுக்குத் தெலுங்கு மட்டும்தான் புரியும். கான்வென்டில் எனக்கு லத்தீன் ஜெபம் வரைக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், தெலுங்கு சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் "ஸ்டாப்" என்றேன், அது ஒரு வீட்டுக்குள் போய் நின்றது. மூன்றாவதாகத்தான், கொட்டகை மூலையில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த சைடுகாரோடு ஒரு மோட்டார் சைக்கிள். சைடுகார் என்றால் ஒரு சக்கரம் வைத்த தொட்டில், பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். காலை நீட்டி உட்கார்ந்தேன், நீண்டது. பலகையில் 'வண்டி விர்பனைக்கு' என்று எழுதியிருந்ததைச் சுண்ணாம்புக் கட்டியால் திருத்திவிட்டு, அதற்காக ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னேன். குறைத்து, எழுநூற்றுக்குக் கொடுத்தான். கோழியைத் தரமாட்டேன் என்றுவிட்டான்.

ஓட்டுவதற்கு நம் இன்பராஜ். டிரைவர் வைத்தால் அது உதவி ஆகாதா என்று நீ கேட்பாய். ஆகாது, டிரைவர் வண்டியில் ஒரு பாகம். இருபத்தாறு வருடம் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, அந்தக் கேஜை, மேலிருந்து இறக்கி ஏற்றிய மனிதர். "இன்பராஜ் இறக்கினா பிளாஸ்க்கில இருக்கிற டீ கூட அசையாது புஷ்பம்" என்று உன் அத்தான் சொல்வார். இளமையில் ஒரு துரையின் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, ஓட்டியும் பழகினாராம். ஆனால் முதல் நாள் இன்ஜினைக் கிளப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னா இன்பராஜ், போகலையா?"

"பெல்லு வரலியேம்மா."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவ்வளவு வருடமும் கீழேயிருந்து மணி வந்தால்தான் அந்தக் கை அசைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிரிவுபசாரத்தில் கொடுத்த கைமணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறியாயிற்று, பார்த்துப் போ. நிற்காமல் அடித்தால் உள்ளே ஆபத்து. சுரங்கக் காம்பில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கணக்கு இது.

வியாழக்கிழமை காலை மூன்று அடித்தேன். டீ அசையாமல்தான் போனோம். ஓடைச் சரிவு வந்ததும், எதையும் முன்கூட்டித் தெரிவிப்பது என் வழக்கமல்லவா, சரிவு வருகிறது, கவனம் என்கிற பொருளில் இரண்டு அடித்துவிட்டேன். இரண்டு என்றால் இறக்கு. இறக்கினார், ஆர்தர். கோலார் சுரங்கத்தின் முழு ஆழத்துக்கும் இறக்குகிற வேகத்தில் இறக்கினார். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொன்னார்கள், கேட்டதில் பாதி புரிந்தது, மீதி புரியாததே நல்லது. மணலில் இருந்து நாங்களே வெளியே வந்தோம். ஊர் எல்லையில் ஒரு குல்பிக்காரர் மணியை விடாமல் ஆட்டிக்கொண்டு வந்தார். இன்பராஜ் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, "எந்த லெவல்? எத்தினி பேரு?" என்று அவரிடம் ஓடினார். பாவம், அந்த மனிதர் இரண்டு குல்பியை இனாமாகக் கொடுத்து அனுப்பினார்.

ஐடா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏன்க்கா, உனக்கு இன்னா வயசு?" என்றாள். வயதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அந்தப் படி ஏறி மூன்று வருடம் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினேன். சாட்சிக்கு ஐடாவே உனக்குத் தனியாக எழுதுவாள், அவளுடைய ஒற்றுப்பிழைகளை மன்னித்து வாசிக்கவும்.

ஆக நிபந்தனை நிறைவேறிவிட்டது. என்னிடம் வண்டி இருக்கிறது, யார் உதவியும் எனக்குத் தேவையில்லை. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். தேவமாதா உங்களைத் தம் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அன்பு அக்காள்,
மரியபுஷ்பம் சவரிமுத்து

பி.கு. ஞாயிறு மாலை. உறையை ஒட்ட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இன்று காலை பூசைக்குக் கிளம்பினேன், வண்டி கிளம்பவில்லை. இன்பராஜ் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் செத்துப்போச்சும்மா" என்று தொப்பியைக் கழற்றினார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மணியை நிறுத்தாமல் ஆட்டிவிட்டேன். ஆட்டின பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. லைன் வீடுகள் முழுக்கக் கதவு திறந்தது, ஆர்தர். பாதி முகம் சவரம் பண்ணினவர், நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர், ஈரத் தலையோடு பெண்கள், எல்லாரும் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம்மா கை நிறைய மாவோடு வந்து நின்றாள்.

"எங்க? யாருக்கு இன்னா ஆச்சு?"

"வண்டி கிளம்பலை, தங்கம்மா."

"அதுக்கா டீச்சரே இந்த அடி அடிச்சீங்க! என் உசுரு தொண்டைக்கு வந்துடுச்சு. வண்டி இல்லைன்னா நாங்க செத்துட்டமா? எறங்காதீங்க, மரியாதையா உக்காருங்க!"

திட்டிக்கொண்டே தள்ளினார்கள். மேடு முழுக்கத் தள்ளினார்கள். கோயில் வாசல் வரைக்கும் திட்டு நிற்கவில்லை. சைடுகாரில் காலை நீட்டி உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தேன், முதல் வாசகத்துக்கு முன்பே.

ஆகவே மேலே எழுதியது எதுவும் செல்லாது. என்னிடம் வண்டி இல்லை. பிறர் உதவி இல்லாமல் என்னால் எங்கும் போக முடியாது. பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். ஆனால் உன் வீட்டு மாடியில் நின்று நான் மணியை ஆட்டினால், பெங்களூரில் குல்பி வாங்கத்தான் வருவார்கள்.

லாரியை அனுப்பாதே. ஒரு மணி அடித்திருக்கிறேன், தம்பி.