சம்பந்திக்கு, படகின் சிவப்புக் கோடு பற்றி

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஒருவேளை உடம்புக்கு ஏதாவது என்றால்கூட, இந்தக் கடிதத்தை நான் எழுதி முடிப்பதற்குள் குணமாகிவிடும். இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்ல என் மகள் எழுதியவை. அவள் என் பேச்சில் பாதியை விட்டுவிடுவாள். மாலை வகுப்பு வாத்தியாரம்மாவின் தயவால் இதை நானே எழுதுகிறேன். ஆகவே எதையும் விடப் போவதில்லை. கோட்டுக்கு வெளியே போன எழுத்துகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஞ' எழுதி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் போல இருக்கிறது.

விஷயம் நீங்கள் செய்து கொடுத்த படகைப் பற்றியது. நம் பிள்ளைகள் திறக்கப் போகும் தேநீர்க் கடையின் கண்ணாடி அலமாரியில் நிற்பதற்காக ஒரு முழ நீளத்துக்கு அப்படி ஒரு படகை இழைத்திருக்கிறீர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே என் நகம்கூட நுழையவில்லை. வர்ணம் பூசுவது என் பொறுப்பு என்று நான் சபையில் சொன்னபோது, "உங்களுக்கு எதுக்குச் சிரமம் சம்பந்தி? கடைக்குப் போர்டு எழுதுறவரே இதையும் பூசிடட்டும்" என்றீர்கள். மரியாதைக்குச் சிரித்தேன். சிரித்தபடியே படகை மடியில் இறுக்கிக்கொண்டேன். ஏனென்று இப்போது எழுதுகிறேன், பேசும்போது சொல்ல வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "இது யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். என் மகள், "எங்க மாமனார்" என்பாள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் "எங்க மாமனாரும் எங்க அப்பாவும்" என்று அவள் சொன்னால் அந்த வாக்கியம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அந்த நீளத்துக்குத்தான் இத்தனை பாடு. நாளைக் காலையில் போர்டு எழுதுகிறவர் வருகிறார். அதற்குள் கோடு சுத்தமாக அமையவில்லை என்றால் படகை அவரிடமே கொடுத்துவிடுவதாக மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மேலே வெள்ளை, கீழே சிவப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் தொடும் கோடு, அவ்வளவுதான் வேலை. ஆயுள் முழுக்க முடிவெட்டியவன் நான், எத்தனை பிடரிகளில் நேர்க்கோடு இழுத்த கை இது என்ற நினைப்பில் முதலில் வெறும் தூரிகையை வைத்து இழுத்தேன். இழுத்து முடித்துவிட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படகைச் சுற்றி வந்து பார்த்தாள். "கப்பலுக்கு அடியில அலை இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கப்பல் மேலயே அலை வரைஞ்சதை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, மறுபடி வெள்ளை பூசி, காயவிட்டு, பெயின்ட் கடைக்காரரிடம் போனேன். "பெரியவரே, கையை நம்பாதீங்க, டேப்பை நம்புங்க" என்று ஒரு காகித டேப்பை எடுத்து வைத்தார். பூசக் கூடாத இடத்தில் ஒட்டிவிட வேண்டும், பூசிய பிறகு உரித்துவிட வேண்டும். "புரியுது, முடி விழாம கழுத்துல துண்டு கட்டுற மாதிரி" என்றேன். "அதேதான். ஆனா துண்டை இறுக்கினா ஆள் கத்துவான், படகு கத்தாது. நல்லா அழுத்தி ஒட்டுங்க" என்றார்.

ஒட்டுவதற்கு முன் கோடு எங்கே என்று தெரிய வேண்டுமே. ஒரு மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கட்டி, படகை மேசை மேல் நிறுத்தி, கட்டையை நகர்த்திச் சுற்றிலும் கோடு போட்டேன். எங்கள் சமையலறை மேசைக்கு ஒரு கால் குட்டை என்பது இத்தனை காலம் அதில் சாப்பிட்டும் எனக்குத் தெரியாது. படகு ஒரு பக்கமாக மூழ்கத் தொடங்கிய மாதிரி கோடு விழுந்தது. அதை அழித்துவிட்டு, துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் படகை மிதக்க விட்டேன். சம்பந்தி, நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் ஆடியது. பிறகு நின்றது. தண்ணீர் அடங்கியதும் படகைச் சுற்றி ஒரு கோடு தானாகவே இருந்தது, யார் வகுப்புக்கும் போகாமல் தண்ணீர் அவ்வளவு நேராக எழுதுகிறது. ஜன்னல் வெளிச்சம் தொட்டிக்குள் விழுந்து அடியில் அசைந்துகொண்டிருந்தது. தொட்டி பெரிதாகிக்கொண்டே போனது, கரை தெரியவில்லை, நான் மேல்தளத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், காற்றில் மர வாசனை. அப்போது வானத்திலிருந்து ஒரு குரல். "கப்பல் கிளம்பிடுச்சா, இல்ல நான் துணி துவைக்கலாமா?"

"இப்பத்தான் துறைமுகம் தாண்டுது" என்றேன்.

"அப்ப இந்த அழுக்கு மூட்டையையும் ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

அவசரமாகப் பென்சிலால் தண்ணீர் தொட்ட இடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு, படகைத் துடைத்துக் காயவைத்தேன். அடுத்து நடந்ததற்குப் பொறுப்பு என் கை, நான் இல்லை. துணியால் துடைத்த கை, அது பாட்டுக்கு அலமாரியைத் திறந்து, பவுடர் டப்பாவை எடுத்து, படகின் இரண்டு பக்கமும் வாசனையாகத் தட்டிவிட்டது. பழக்கம் அப்படி. பிறகுதான் டேப்பை ஒட்டினேன். பவுடர் மேல் டேப் எப்படிப் பிடிக்கும்? பிடித்த மாதிரி நடித்தது. சிவப்பைப் பூசினேன், அது டேப்புக்கு அடியில் சாவகாசமாக நடந்து போயிருக்கிறது. முழுக்கக் காய்ந்தால் நல்லது என்று விட்டுவைத்து, மறுநாள் வெட்டுக்காயத்துப் பிளாஸ்திரியைப் பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தேன். பாதிச் சிவப்பு டேப்போடு வந்துவிட்டது, மீதிச் சிவப்பு வெள்ளையின் மேல் மீசை மீசையாக நின்றது. படகைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் படகை மோந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுக்குச் சவரமா பண்ணினீங்க?" என்று கேட்டுச் சிரித்ததில், பெயின்ட் டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி தேய்ப்பு, மறுபடி வெள்ளை, மறுபடி தொட்டியில் மிதக்கவிட்டுப் பென்சில் புள்ளி. அவர் வேறொரு டேப் கொடுத்தார், அதன் உறையில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அதை விரல் வைத்துப் படித்தேன். மகளைக் கேட்கவில்லை, வாத்தியாரம்மாவைக் கேட்கவில்லை. டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்து. முதலில் அடியில் இருக்கும் நிறத்தையே ஓரத்தின் மேல் மெல்லப் பூசு. அது காய்ந்த பின் புது நிறத்தைப் பூசு. முழுதும் இறுகும் முன்னே, பின்பக்கமாக மடித்து, மெதுவாக உரி. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே, எனக்கென்று சொன்ன மாதிரி இருந்தது. அந்த உறையை உங்களுக்கே அனுப்பலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை. அதன் சூட்சுமத்தை மட்டும் சொல்கிறேன். டேப்பின் ஓரத்தில் எங்காவது இடுக்கு இருக்கத்தான் செய்யும், ஏதாவது ஒன்று கசியத்தான் போகிறது. ஆகவே வெள்ளையையே முதலில் கசியவிட்டு வழியை அடைத்துவிட வேண்டும். வெள்ளைக்குள் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியும்? பிறகு சிவப்பு வந்து பார்க்கும், இடம் இருக்காது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் நம் ஆட்களை உட்கார வைத்துவிடுகிற மாதிரிதான்.

இன்று சாப்பிட்ட கையோடு அப்படியே செய்தேன். பவுடர் டப்பாவை வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். இப்போது படகு ஜன்னலோரப் பெட்டி மேல் சிவப்பு ஈரத்தோடு நிற்கிறது. கொஞ்சம் பொறுத்து உரிக்க வேண்டும், அதற்குள் உங்களுக்குச் சின்னதாக ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டேப்புக்கு அடியில் அந்தக் கோடு இருக்கிறது என்ற நினைப்பே தாலாட்டுகிறது. பார்க்காத கோடு எவ்வளவு நேராக இருக்கிறது சம்பந்தி! உரிப்பது என் கையால்தான், வேறு யாரும் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நான் 'துறைமுகம்' எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரி வந்து, "என்னங்க, டேப்பு" என்றாள். இந்த வார்த்தை முடியட்டும் என்று கையைக் காட்டினேன். 'பிளாஸ்திரி'யின் நடுவில் வந்து, "என்னங்க, டேப்பு டேப்பு" என்றாள். கையை இன்னும் உயர்த்திக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எழுதுகிறவனை மதிக்கத் தெரிந்தவள். தொடங்கும்போது காகிதத்தில் இருந்த வெயில் இப்போது சுவரில் ஏறிக் கடிகாரத்தைத் தொட்டுவிட்டது. எனக்கு என்னவோ ஒரு நிமிடம்தான் போனது போல இருக்கிறது.

ஆகவே படகு முழுக்க முழுக்க நம் இருவர் கையால் ஆனது, மரம் உங்களுடையது, வர்ணம் என்னுடையது, மூன்றாம் ஆள் விரல் படவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் கடையில் கொதிக்கும் தண்ணீர் ஓயாமல் இருக்கட்டும், நீங்களும் நானும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, படகைப் பார்த்துக்கொண்டு, வெகுகாலம் தேநீர் குடிக்கும்படி ஆகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(என் சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே உள்ள பத்தியை நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு உரிக்கலாம் என்று போனேன். டேப் இல்லை. சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம் தொட்டித் தண்ணீர் எழுதியது போலவே நேராக இருக்கிறது. வீட்டுக்காரி மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பெயின்ட் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? நீங்க பஸ்ஸை நிறுத்துற மாதிரி கையைக் காட்டிட்டு உட்கார்ந்துட்டீங்க" என்றாள். உரிக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "ஏன், தூக்கத்துலகூட மடிச்சு, மெதுவா, மடிச்சு, மெதுவான்னு நீங்கதான் புலம்புனீங்க." முன்முனையில் ஒரு விரல்கடை டேப்பை எனக்கென்று விட்டுவைத்திருந்தாள். மடித்து, மெதுவாகத்தான் உரித்தேன். ஆனால் அதற்குள் அது நன்றாக இறுகிவிட்டது, அரிசி அளவுக்குச் சிவப்பு பெயர்ந்து கூடவே வந்துவிட்டது. சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, போர்டுக்காரர் போர்டு மட்டும் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டார். பெயர்ந்த பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடலாம் என்கிறாள் வீட்டுக்காரி. தயவுசெய்து நீங்கள் குறுக்கே வந்து தடுக்க வேண்டும். அது தெருவைப் பார்த்தே இருக்கட்டும். நானே தனியாக உரித்த இடம் அது ஒன்றுதான்.